சூடு எந்த இடத்தில் வலியாக மாறுகிறது?

கேள்வி இது: தோசைக்கல்லில் விரல் பட்டுவிட்டால் முதலில் கை தானாக விலகிவிடுகிறது. அப்புறம் சுருக்கென்று ஒரு வலி. அது போனபின் நிதானமாக ஓர் எரிச்சல் வந்து ரொம்ப நேரம் நிற்கிறது. ஒரே சூடு ஏன் இப்படித் தவணை தவணையாகத் தெரிகிறது? வெதுவெதுப்பைச் சொல்லும் நரம்புதான் சுடுவதையும் சொல்கிறதா? வெயிலில் கன்றிப்போன தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே ஏன் தாங்க முடியவில்லை?

நடுவில் இருக்கும் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவானால் மற்ற இரண்டும் சுலபம்.

ஒரே நரம்பு அல்ல. வெதுவெதுப்பு கூடிக்கூடி ஒரு கட்டத்தில் வலியாகிவிடுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பக்கெட் தண்ணீரில் வெந்நீரைக் கலந்துகொண்டே போனால் இதம், சூடு, பொறுக்க முடியாத சூடு என்று ஒரே கோட்டில் ஏறுவதுபோலத்தான் நமக்கும் தெரிகிறது. நரம்பில் நடப்பது வேறு. கையின் தோல் சாதாரணமாக 32 முதல் 34 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதற்கு மேல் சற்று ஏறியதுமே வெதுவெதுப்புக்கான நரம்பிழைகள் துடிக்க ஆரம்பிக்கின்றன. 38, 40, 42 என்று ஏற ஏறத் துடிப்பும் வேகமாகும். ஆனால் 45 டிகிரியை ஒட்டி வந்ததும் அவை தளர்ந்து அடங்கத் தொடங்குகின்றன. சூடு உண்மையிலேயே ஆபத்தாகும் நேரத்தில் வெதுவெதுப்பு இழைகள் வாய் மூடிக்கொள்கின்றன. அதுவரை சும்மா இருந்த வேறொரு கூட்டம் 43 டிகிரி வாக்கில் விழித்து, சூடு ஏற ஏறத் துடிப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது. அவைதான் வலியுணர் நரம்பிழைகள். ஆக, வலி என்பது மிகையான வெதுவெதுப்பு அல்ல. அது தனித் தடத்தில் வருகிற தனிச் செய்தி.

இப்படித் தனித்தனித் தடங்கள் இருக்கின்றன என்பதற்கான முதல் தடயம் 1880களிலேயே கிடைத்துவிட்டது. ஸ்வீடனில் மாக்னுஸ் பிளிக்ஸ், ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கோல்ட்ஷைடர் இருவரும் தனித்தனியாக, கூர்மையான உலோக முனையைச் சூடாக்கியும் குளிர்வித்தும் தோலில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தார்கள். சில புள்ளிகளில் சூடு மட்டும் தெரிந்தது, சில புள்ளிகளில் குளிர்ச்சி மட்டும். குளிர்ப் புள்ளிகளே அதிகம். 45 டிகிரிக்கு மேல் சூடான முனையைக் குளிர்ப் புள்ளியின் மேல் வைத்தால் அங்கே ஜில்லென்று தெரியும் என்பதும் அந்தக் காலத்திலேயே கவனிக்கப்பட்டது. குளிர்ச்சிக்கான சில இழைகள் கடும் சூட்டிலும் துடிக்கும். அந்த இழை எதனால் தூண்டப்பட்டாலும் மூளை அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்ளும். மிகச் சூடான தண்ணீரில் கால் வைத்த முதல் கணம் குளிர்ந்ததுபோலச் சிலருக்குத் தோன்றுவதும் இதனால்தான்.

சரி, அந்த எல்லை ஏன் 43, 45 டிகிரியில் இருக்கிறது? 1940ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹார்டி, ஹரால்ட் உல்ஃப், ஹெலன் குடெல் மூவரும் தங்கள் நெற்றியில் கறுப்பு மையைப் பூசிக்கொண்டு, விளக்கின் ஒளியை லென்ஸ் வழியாக அங்கே குவித்து, எந்த நொடியில் சூடு வலியாகிறது என்று அளந்தார்கள். மை எதற்கென்றால், யாருடைய தோல் நிறம் எப்படி இருந்தாலும் வெப்பம் ஒரே அளவில் உள்ளே போகவேண்டும் என்பதற்காக. அந்த வழியில் அடுத்தடுத்து வந்த அளவீடுகளில், தோல் 45 டிகிரியை ஒட்டிச் சூடாகும்போது வலி தொடங்குவது தெரிந்தது. 1947இல் ஹார்வர்டில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் வேறொரு கேள்வியை எடுத்தார்கள்: எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் இருந்தால் தோல் வெந்துபோகும்? பன்றித் தோலிலும், சம்மதித்த மனிதர்களிடமும் சோதித்தார்கள். 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம் ஆகிறது. அதற்கு மேல் 51 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் அந்த நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 60 டிகிரியில் சில வினாடிகளே போதும்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோல் கெட ஆரம்பிக்கும் வெப்பமும், வலி ஆரம்பிக்கும் வெப்பமும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒட்டி நிற்கின்றன. இந்த விஷயத்தில் என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான். வலியுணர் இழை சொல்வது 'இங்கே சூடாக இருக்கிறது' என்பதை அல்ல. 'இப்படியே விட்டால் தோல் போய்விடும்' என்பதை அது முன்கூட்டியே சொல்கிறது.

இந்த இழைகளின் முனையில் தனி உறுப்பு எதுவும் கிடையாது. தொடுகைக்கும் அதிர்வுக்கும் தோலுக்குள் சின்னச் சின்ன உறைகளோடு கூடிய உணர்கருவிகள் உண்டு. வலிக்கு அப்படி இல்லை. இழையின் நுனி பல கிளைகளாகப் பிரிந்து, மேல்தோலின் செல்களுக்கு நடுவே வெறுமனே நுழைந்து நிற்கிறது. அந்த நரம்பு செல்லின் உடல் இருப்பது தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில். அங்கிருந்து ஒரு கிளை தோலுக்கும் இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள்ளும் போகிறது. கால் பெருவிரலில் இருந்து வரும் செல் என்றால், ஒரே ஒரு செல்லுக்கு ஒரு மீட்டருக்கும் அதிக நீளம்.

அந்த நுனிக்குச் சூடு எப்படித் தெரிகிறது? இதற்கான விடை 1997இல் மிளகாய் வழியாக வந்தது. மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள் என்பதும், அது வலி நரம்புகளைத் தூண்டும் என்பதும் முன்பே தெரியும். எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸின் ஆய்வகத்தில் மைக்கேல் கேட்டரினா அதைத் தேடினார். உணர்வு நரம்புகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான ஜீன்களைக் கூறு கூறாகப் பிரித்து, காரத்துக்கு அசையாத சாதாரண செல்களுக்குள் செலுத்தி, ஒவ்வொரு கூறின் மேலும் கேப்சைசினை விட்டுப் பார்த்தார்கள். எந்தச் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறதோ அதில்தான் தேடும் ஜீன் இருக்கிறது. அந்தக் கூறுகளை மேலும் பிரித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு ஜீனுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஜீன் உருவாக்கும் புரதத்துக்கு இன்று டிஆர்பிவி1 என்று பெயர். அதன் மேல் காரத்துக்குப் பதில் சூட்டைக் காட்டியபோது, 43 டிகிரியை ஒட்டி அது திறந்துகொண்டது. மனிதருக்கு வலி தொடங்கும் அதே இடம். 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஜூலியஸும், தொடுகையை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனும் பகிர்ந்துகொண்டார்கள்.

டிஆர்பிவி1 ஓர் அயனி வாயில், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்களை உள்ளே விடும் கதவு. நான்கு ஒரே மாதிரியான துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து, நடுவில் ஒரு துளை. செல்லின் சவ்வில் பதிந்திருக்கிறது. சாதாரண வெப்பத்தில் துளை மூடியிருக்கும். சூடு ஏறும்போது புரதத்தின் மடிப்பு மாறி, துளை திறக்கிறது. வெளியே இருக்கும் கால்சியமும் சோடியமும் உள்ளே பாய்கின்றன. அவ்வளவுதான், சூடு மின்சாரமாகிவிட்டது. அந்த மின்னழுத்த மாற்றம் போதிய அளவைத் தாண்டினால், பக்கத்தில் இருக்கும் சோடியம் வாயில்கள் திறந்து ஒரு நரம்புத் துடிப்பு கிளம்புகிறது. துடிப்புகள் எல்லாம் ஒரே உயரம். சூடு கூடினால் துடிப்பு பெரிதாவதில்லை, அடிக்கடி வருகிறது. ஒன்றிரண்டு துடிப்பு வந்தால் நமக்கு எதுவும் தெரியாமலேகூடப் போகும். பல இழைகளில் இருந்து நெருக்கமாக வந்தால்தான் வலி.

சமையலறையில் இதை நேரடியாகப் பார்க்கலாம். பச்சை மிளகாயை நிறைய நறுக்கிவிட்டுக் கை எரிகிறதே என்று வெந்நீரில் கழுவினால் எரிச்சல் இன்னும் ஏறும். கேப்சைசின் ஒட்டியிருக்கும்போது டிஆர்பிவி1 திறக்க 43 டிகிரி தேவைப்படாது, தோலின் சாதாரண வெப்பமே போதும். மூளைக்குப் போகும் செய்தியோ அதே பழைய செய்தி: தோல் சுடுகிறது. கை உண்மையில் சூடாகவில்லை என்று மூளைக்குத் தெரிய வழியே இல்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் முதலில் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். கிளிகள் மிளகாயை அலட்சியமாகக் கொத்தித் தின்பதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. பறவைகளின் டிஆர்பிவி1 சூட்டுக்குத் திறக்கும், கேப்சைசினுக்கு அசையாது.

இந்த ஒரு புரதத்தோடு கதை முடியவில்லை. 2000இல் டிஆர்பிவி1 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, அவை காரத்துக்கு அசையவில்லை, ஆனால் கடும் சூட்டை ஓரளவு உணர்ந்தன. மாற்று வழி ஏதோ இருக்கிறது என்பது தெரிந்தது. 2018இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் இருந்து தெளிவான விடை வந்தது. டிஆர்பிவி1, அதே குடும்பத்தைச் சேர்ந்த டிஆர்பிஎம்3, டிஆர்பிஏ1 ஆகிய மூன்று வாயில்களையும் சேர்த்து நீக்கினால்தான் எலி கடும் சூட்டில் இருந்து விலகுவதை விட்டுவிடுகிறது. மூன்றில் ஒன்று மிஞ்சினாலும் எலி விலகிக்கொள்கிறது. சூட்டில் இருந்து தப்புவது உயிருக்கு அவ்வளவு முக்கியம் என்பதால் ஒரே வாயிலை நம்பி உடல் இருந்துவிடவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இப்போது தவணைக் கேள்விக்கு வரலாம். வலியுணர் இழைகளில் இரண்டு வகை. ஏ-டெல்டா இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. அவற்றில் துடிப்பு வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் போகும். சி இழைகளுக்கு உறையே கிடையாது, தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் வாக்கில். வேகம் வினாடிக்கு அரை மீட்டரில் இருந்து 2 மீட்டர் வரை, அதாவது நாம் நடக்கும் வேகம்தான். இழையின் தடிமனுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கிய ஜோசப் எர்லாங்கர், ஹெர்பர்ட் காசர் இருவருக்கும் 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

விரல் நுனியில் இருந்து கழுத்துப் பகுதித் தண்டுவடம் வரை, பெரியவர்களுக்குச் சுமார் 80, 90 சென்டிமீட்டர். வினாடிக்கு 15 மீட்டர் போகும் ஏ-டெல்டா இழை இந்தத் தூரத்தை ஒரு வினாடியில் சுமார் பதினேழில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். வினாடிக்கு 1 மீட்டர் போகும் சி இழைக்கு ஏறக்குறைய ஒரு முழு வினாடி வேண்டும். கல்லைத் தொட்ட அதே கணத்தில் இரண்டும் கிளம்பியிருந்தாலும், ஒன்று போய்ச் சேர்ந்து வேலையை முடித்த பிறகுதான் இன்னொன்று வருகிறது. முதலில் வருவது குத்துவதுபோன்ற, இடம் துல்லியமாகத் தெரிகிற, சட்டென்று மறைகிற வலி. பின்னால் வருவது எரிகிற, பரவுகிற, நின்று தொல்லை கொடுக்கிற வலி. கால் விரலில் நெருப்புப் பட்டால் இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் பாதை நீளம். அதே சூடு முகத்தில் பட்டால் மூளை பக்கத்திலேயே இருப்பதால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்.

இது கணக்கில் மட்டும் நிற்கவில்லை. கையில் பட்டையைக் கட்டி நீண்ட நேரம் இறுக்கினால் உறையுள்ள இழைகள் முதலில் செயலிழக்கும். அப்போது சுட்டால் முதல் வலி வராது, எரிச்சல் மட்டும் தாமதமாக வரும். மாறாக, மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் குறைந்த அளவில் செலுத்தினால் மெல்லிய சி இழைகள் முதலில் அடங்கும், முதல் வலி மட்டும் மிஞ்சும். இரண்டு வலிக்கும் இரண்டு தடம் என்பது இப்படி உறுதியானது.

அப்படியானால் வலி தெரிவதற்கு முன்பே கை விலகுவது எப்படி? ஏ-டெல்டா இழையின் செய்தி தண்டுவடத்தை எட்டியதுமே, அங்கேயே ஒன்றிரண்டு இணைப்பு நரம்பு செல்கள் வழியாகக் கையை மடக்கும் தசைகளுக்கு உத்தரவு போய்விடுகிறது. போகிற வழி தடித்த, மிக வேகமான இயக்க நரம்புகள். அதே நேரத்தில் செய்தியின் இன்னொரு பிரதி மூளைக்கு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே அது 'வலி' என்ற உணர்வாக உருவாவதற்குள் தசை சுருங்கத் தொடங்கிவிடும். எரிச்சல் வந்து சேரும்போது விரல் கல்லை விட்டுப் போய் ரொம்ப நேரமாகியிருக்கும். பின்னே தாமதமாக வரும் அந்த எரிச்சலால் என்ன பயன் என்று கேட்பார்கள். விலகுவதற்கு அது தேவையில்லை. அடிபட்ட விரலை அடுத்த சில நாட்கள் எதன் மேலும் படாமல் பார்த்துக்கொள்ள வைப்பது அதுதான்.

மனித நரம்பில் இவற்றை நேரடியாகக் கேட்கவும் முடிகிறது. 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் கார்ல்-எரிக் ஹாக்பார்த், ஓகே வால்போ இருவரும் மெல்லிய டங்ஸ்டன் ஊசியைத் தங்கள் நரம்புகளுக்குள்ளேயே செலுத்தி ஒற்றை இழையின் துடிப்பைப் பதிவு செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1970களில் எரிக் டோரபியோர்க், ரோல்ஃப் ஹாலின் அதே முறையில் சி இழைகளைப் பிடித்தார்கள். விழித்திருக்கும் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே ஊசி, பாதத்தின் தோலில் சூடேற்றும் சிறு தகடு, அவர் எவ்வளவு வலிக்கிறது என்று சொல்லச் சொல்ல, இழையின் துடிப்பும் கூடவே பதிவாகும். இந்தச் சி இழைகளில் பல சூட்டுக்கு மட்டுமல்லாமல் கடும் அழுத்தத்துக்கும் வேதிப்பொருளுக்கும் துடிக்கின்றன என்பதை எட்வர்ட் பெர்ல் விலங்குகளில் 1969லேயே காட்டியிருந்தார். சாதாரண நாளில் எதற்குமே அசையாமல், புண்ணோ வீக்கமோ வந்தபின் மட்டும் விழித்துக்கொள்ளும் சி இழைகளும் இருக்கின்றன.

தண்டுவடத்துக்கு மேலே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இழைகள் தண்டுவடத்தின் பின்பகுதியில் முடிந்து, அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் குளூட்டமேட்டையும் சப்ஸ்டன்ஸ் பி போன்ற புரதத் துணுக்குகளையும் வெளியிடுகின்றன. அடுத்த நரம்பு செல் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து மேலே ஏறி, மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் வழியாக மற்றப் பல பகுதிகளுக்குப் போகிறது. எங்கே, எவ்வளவு என்பதை ஒரு பகுதியும், இது எவ்வளவு துன்பம் என்பதை வேறு பகுதிகளும் கணிக்கின்றன. அடிபட்ட இடத்தைச் சுற்றித் தேய்த்துவிட்டால் வலி சற்றுக் குறைவது தண்டுவடத்தில் தொடுகைச் செய்தி வலிச் செய்தியை அமுக்குவதால் என்று 1965இல் ரொனால்ட் மெல்ஸாக்கும் பாட்ரிக் வாலும் விளக்கினார்கள். சிறு விவரங்கள் பின்னால் மாறின, அடிப்படை நிற்கிறது.

மூன்றாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது, ஏனென்றால் மேலே சொன்ன 43 டிகிரி நிலையான எண் அல்ல. வெயிலில் கன்றிய தோலில் செல்கள் சேதமாகி புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் போன்ற பொருள்கள் வெளியாகின்றன. அவை நரம்பு நுனியில் ஒட்டியதும், செல்லுக்குள் இருக்கும் நொதிகள் டிஆர்பிவி1 புரதத்தின் சில இடங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அப்படிச் சேர்ந்த வாயில் குறைந்த வெப்பத்திலேயே திறக்கும். எல்லை நாற்பதுக்கும் கீழே, உடல் வெப்பத்தின் பக்கம் இறங்கிவிடும். குளிக்கிற வெந்நீர் 38, 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை வலி இழைகளை அது தொட்டதே இல்லை. இன்று அதே தண்ணீர் எல்லைக்கு மேலே நிற்கிறது. தண்ணீர் மாறவில்லை, நுனி மாறியிருக்கிறது. போர்வைக்குள் தோலின் சொந்தச் சூடே எரிச்சலாகத் தெரிவதும், விசிறினால் இதமாக இருப்பதும் இதே காரணத்தால். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பதால் இந்த எரிச்சலைக் குறைக்கின்றன.

சுட்ட இடத்தைச் சுற்றிச் சிவந்து போவதும் இந்த நரம்புகளின் வேலைதான். சி இழையின் ஒரு கிளையில் கிளம்பிய துடிப்பு மேலே போகும் வழியில், பக்கத்துக் கிளைகளிலும் திரும்பி இறங்குகிறது. அந்த நுனிகள் சிஜிஆர்பி, சப்ஸ்டன்ஸ் பி என்ற இரண்டு புரதத் துணுக்குகளையும் தோலுக்குள் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது. சூடு படாத இடமும் சிவந்து வீங்குகிறது. செய்தியைக் கொண்டுபோவதோடு, அடிபட்ட இடத்துக்கு ரத்தத்தை வரவழைப்பதும் இதே இழைகள்.

இதிலிருந்து நேராக வருகிற ஒரு நடைமுறை: சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தோலுக்குள் தங்கிய சூடு இன்னும் வேகவைத்துக்கொண்டிருக்கும், அது வெளியேறவேண்டும். அதோடு, இறங்கிவிட்ட எல்லைக்குக் கீழே தோலின் வெப்பத்தைக் கொண்டுவருவதால் வலியும் அடங்குகிறது. ஐஸ் வேண்டாம், அது சேதமான தோலை மேலும் கெடுக்கும். டூத்பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே நிறுத்துகின்றன, பின்னால் புண்ணைச் சுத்தம் செய்வதும் பெரும்பாடாகிறது. ஆழமாக வெந்த இடம் வலிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே நரம்பு நுனிகளே கருகிப்போயிருக்கும். வெளுத்தோ கருகியோ, தொட்டால் உணர்வே இல்லாமல் இருக்கும் தீப்புண்தான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய புண்.

இந்தத் தடம் பிறவியிலேயே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். வடக்குப் பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன் கைகளில் கத்தியைக் குத்திக்கொள்வான், தணல் மேல் நடப்பான், அவனுக்கு வலிக்கவில்லை. வீட்டுக் கூரையில் இருந்து குதித்து, 14 வயது நிறைவதற்குள் இறந்துபோனான். அவனுடைய உறவினர்கள் உட்பட மூன்று குடும்பங்களை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜின் ஜெஃப்ரி வுட்ஸ் குழு 2006இல் காரணத்தைக் கண்டறிந்தது. எஸ்சிஎன்9ஏ என்ற ஜீன் பழுதாகி, நேவ்1.7 என்ற சோடியம் வாயில் வேலை செய்யவில்லை. டிஆர்பிவி1 திறந்தாலும் அந்தச் சிறு மின் மாற்றம் துடிப்பாக மாறிச் செல்ல வழியில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்களுக்குத் தொடுகை தெரிந்தது, வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் தெரிந்தன. வலி மட்டும் இல்லை. முதலில் சொன்ன தனித் தடத்துக்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. இதே ஜீனில் எதிர்மாறான பழுது வந்தால், வாயில் மிகச் சுலபமாகத் திறந்து, லேசான சூட்டிலேயே கை கால் தீப்பிடித்ததுபோல எரியும். 2004இல் சீனக் குடும்பங்களில் அது கண்டறியப்பட்டது.

வலியைத் தடுக்க இந்த வாயில்களையே அடைத்துவிடலாமே என்று மருந்து நிறுவனங்கள் இறங்கின. டிஆர்பிவி1 அடைப்பான்கள் வலியைக் குறைத்தன, கூடவே இரண்டு சிக்கல்கள் வந்தன. சிலவற்றில் உடல் வெப்பம் காய்ச்சல்போல ஏறியது. சிலவற்றில் கொதிக்கும் சூடு சூடாகவே தெரியாமல், சுட்டுக்கொள்ளும் அபாயம் உண்டானது. எதிர்த்திசையில் போன வழி பலித்தது: கேப்சைசினை அதிக அளவில், 8 சதவீதப் பட்டையாக ஒட்டினால் நுனிகள் ஓயாமல் தூண்டப்பட்டுச் சில மாதங்களுக்குச் செயலற்றுப் போகும். அக்கி வந்துபோன பின் நிற்கும் நரம்பு வலிக்கு அது பயன்படுகிறது. நேவ்1.8 என்ற இன்னொரு சோடியம் வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, குறுகிய கால வலிக்கு மட்டும்.

நம் பக்கத்தில் இந்த நரம்பிழைகளை இழப்பவர்களில் முதலில் சொல்லவேண்டியவர்கள் தொழுநோயாளிகள். அந்தக் கிருமிக்குக் குளிர்ந்த தோல் பிடிக்கும், நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் செல்களுக்குள் குடியேறும். பெரும்பாலும் சூடு, வலி இரண்டும் முதலில் போகும், தொடுகை பின்னால்தான் போகும். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்ற நம்பிக்கையை உடைத்தார். நோயாளிகள் கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கினார்கள், சூடு தெரியாததால் விடவும் இல்லை. புண்ணாகி, வலிக்காததால் அதே கையால் வேலை செய்து, எலும்பு வரை சீழ் வைத்து விரல் குறுகிப்போனது. தேமலைப் பார்க்கும் மருத்துவர் ஒரு சோதனைக் குழாயில் வெந்நீரும் ஒன்றில் குளிர்ந்த நீரும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லித் தேமலிலும் நல்ல தோலிலும் மாற்றி மாற்றித் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் தேடுவது இந்த மெல்லிய இழைகளைத்தான்.

இன்று எண்ணிக்கையில் அதைவிட மிக அதிகம் சர்க்கரை நோயாளிகள். மெல்லிய இழைகள் கெடும்போது முதலில் அவை காரணமில்லாமல் துடிக்கும், இரவில் பாதம் எரியும். எரிச்சல் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையும் நேரத்தில் இழைகள் பல அழிந்துபோயிருக்கலாம். சித்திரை, வைகாசி நண்பகலில் கோவில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி வந்து, வீட்டுக்கு வந்தபின் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பல கோவில்களில் தரையில் வெள்ளைப் பூச்சு அடித்து, தென்னைநார் விரிப்புப் போடுகிறார்கள், அதன் மேலேயே நடங்கள். கால் வலிக்கு வெந்நீர்ப் பை வைப்பது, வெந்நீரில் கால் ஊறவைப்பது இரண்டையும் சர்க்கரை நோயாளிகள் விட்டுவிடுவதே நல்லது. தண்ணீரின் சூட்டை வீட்டில் உணர்வு நன்றாக உள்ள இன்னொருவர் பார்க்கட்டும்.

பரிசோதனை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சர்க்கரை நோய் மையங்களில் பாதத்தை அழுத்திப் பார்க்கும் நைலான் இழையும், அதிர்வைப் பார்க்கும் பயோதீசியோமீட்டரும், மின்சாரம் செலுத்திப் பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையும் தடித்த இழைகளையே சோதிக்கின்றன. மூன்றும் 'நார்மல்' என்று வந்தாலும் ஏ-டெல்டா, சி இழைகள் கெட்டிருக்க முடியும். பாதம் எரிகிறது, ஆனால் ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, எல்லாம் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். சூட்டையும் குளிரையும் படிப்படியாக ஏற்றி எந்த டிகிரியில் தெரிகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் தோலை எடுத்து, மேல்தோலுக்குள் நுழையும் நரம்பிழைகளை நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்லும் சோதனையும் இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் இந்த இரண்டைப் பற்றியும் கேளுங்கள்.